முதல் ஊசியிலேயே பாதி முடிவு: புற்றுநோயில் நெஞ்சில் கோக்கும் நீர்

"நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும் நுரையீரலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நீர் நிற்பது உள்ளே அல்ல, வெளியே. நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறை ஒன்று. மார்புச் சுவரின் உட்பக்கத்தை ஒட்டிய உறை இன்னொன்று. மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்குவதற்காக இடையில் 10 முதல் 20 மி.லி. திரவம் இருக்கிறது, இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி அளவு. அது ஒரு பக்கம் ஊறிக்கொண்டும், வெளியுறையில் உள்ள நிணநீர்த் துளைகள் வழியாக வடிந்துகொண்டும் இருக்கும். இந்த வடிகால் சாமானியமானதல்ல. ஊற்று பல மடங்கு பெருகினாலும் சமாளித்துவிடும்.

ஆகவே லிட்டர் கணக்கில் நீர் தேங்குகிறது என்றால் ஊற்று பெருகியிருக்க வேண்டும், கூடவே வடிகாலும் அடைபட்டிருக்க வேண்டும். உறையில் பரவிய புற்றுநோய் இரண்டையும் செய்கிறது. இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது, நிணநீர்ப் பாதையை அடைக்கிறது. ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்த பிறகும் ஒரே வாரத்தில் திரும்ப நிறைவது இதனால்தான். "போன தடவை டாக்டர் சரியாக எடுக்கவில்லை" என்று குறைப்படுவதில் பொருளில்லை. அடைப்பு அப்படியே இருக்கிறது.

நுரையீரல் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் ஆகிய மூன்றும் சேர்ந்தே பெரும்பங்கு. சினைப்பை, இரைப்பைப் புற்றுநோய்களும், உறையிலேயே தோன்றும் மீசோதெலியோமாவும் அடுத்து வரும். நுரையீரல் புற்றுநோயில் இந்த நீரில் புற்றணுக்கள் தெரிந்தால் அது நான்காம் நிலை என்றே கணக்கு. அதற்காக, புற்றுநோயாளியின் நெஞ்சில் நீர் என்றாலே அது புற்றுநீர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதயச் செயலிழப்பு, நிமோனியா, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி, இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைவு எல்லாமே இதே எக்ஸ்ரேயைக் காட்டும்.

மூச்சு ஏன் முட்டுகிறது?

நுரையீரல் அமுங்குவதுதான் காரணம் என்று தோன்றும். பாதிதான் சரி. தண்ணீரின் பாரம் முழுவதும் கீழே உதரவிதானத்தின் மேல் இறங்குகிறது. குடைபோல மேலே குவிந்து, சுருங்கும்போது கீழிறங்க வேண்டிய அந்தத் தசை தட்டையாகிவிடுகிறது. சில சமயம் கீழ்நோக்கிக் குழிந்து கிண்ணம்போலவே ஆகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு உழைத்தாலும் காற்று உள்ளே வராது. நீரை எடுத்த அரைமணி நேரத்தில் "அப்பாடா" என்று நோயாளி நிமிரும்போதும் விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் முன்பிருந்த இடத்திலேயே நிற்பது இதனால்தான். ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருக்கும் நோயாளிக்குச் சிலிண்டர் வைத்து ஆறுதல் தேடுவதும் இதே காரணத்தால் பலன் தருவதில்லை.

தொந்தரவே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த நீரை, நோயறிதலுக்குத் தேவைப்பட்டால் ஒழிய, குத்தி எடுக்க வேண்டியதில்லை.

அந்த முதல் ஊசி

இந்தச் சிகிச்சையில் அதிகம் வீணாவது முதல் ஊசிதான். நீரை எடுத்து, மூச்சு ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு ஊசி நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லக் கூடியது. இது புற்றுநீரா? எடுத்தால் மூச்சு ஆறுகிறதா? நுரையீரல் விரிகிறதா? எத்தனை நாளில் திரும்ப நிறைகிறது? நான்கையும் குறித்து வைத்தால் அடுத்து என்ன செய்வது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

அல்ட்ராசவுண்ட் இல்லாமல் குத்துவதை இன்று ஏற்க முடியாது. எக்ஸ்ரேயைப் பார்த்து, முதுகில் தட்டிப் பார்த்து இடம் குறிக்கும் பழைய முறையில் நுரையீரலைக் குத்திக் காற்று கசிய விடுவதும், ஈரலையோ மண்ணீரலையோ தொட்டுவிடுவதும் கூடுதல். ஸ்கேன் அறையில் குறி போட்டு வார்டுக்கு அனுப்பிக் குத்துவதிலும் இந்த ஆபத்து முழுதாகப் போகாது. நோயாளி அசைந்ததும் நீர் இடம் மாறிவிடும். படுக்கையருகே, அதே நிலையில் பார்த்து அப்போதே குத்த வேண்டும்.

நோயாளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னால் மேசையில் தலையணை வைத்துக் கைகளை மடக்கிச் சாய்ந்துகொள்வார். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி நரம்பும் தமனியும் ஓடுவதால் ஊசி எப்போதும் எலும்பின் மேல் விளிம்பைத் தடவியபடிதான் நுழைய வேண்டும். முதுகெலும்புக்கு அருகே அந்தத் தமனி வளைந்து நெளிந்து இடைவெளியின் நடுவிலேயே வந்துவிடும். அதனால் முதுகெலும்பிலிருந்து நன்றாக விலகிப் பக்கவாட்டில் குத்துவது நல்லது. தோலும் உறையும் லிக்னோகெய்ன் என்னும் மரப்பு மருந்தில் நன்றாக மரத்துப் போக வேண்டும். வலி உணர்வது வெளியுறையில்தான், அதை மரக்கவிடாமல் அவசரப்படுவதே நோயாளி துள்ளுவதற்குக் காரணம்.

ஒரே முறையில் 1.5 லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை என்பது பொது வழக்கம். வெகு நாள் அமுங்கிய நுரையீரல் திடீரென விரியும்போது அதற்குள்ளேயே நீர் கசிந்துவிடும் ஆபத்து உண்டு. அரிது, ஆனால் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. அளவைவிட நம்பத் தகுந்தது நோயாளியின் உடம்பு: விடாத இருமல், நெஞ்சு இறுக்கம், தோள்பட்டை வலி ஏதாவது வந்தால் 600 மி.லி.யிலேயே நிறுத்த வேண்டும். நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கருவியால் அளந்துகொண்டே எடுத்தால் இந்த இறுக்கம் குறையுமா என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு பார்த்தது. நோயாளியின் தொந்தரவைக் கேட்டு நிறுத்துவதைவிட அது மேலாக இல்லை.

நீரில் புற்றணு உண்டா என்று பார்க்கும் அணுப் பரிசோதனைக்கு (சைட்டாலஜி) 50 முதல் 60 மி.லி. போதும். லிட்டர் கணக்கில் அனுப்பினால் விடை கூடப்போவதில்லை. முதல் மாதிரியில் புற்றணு தெரிவது தோராயமாகப் பத்தில் ஆறு பேருக்கு. சினைப்பைப் புற்றுநோயில் இது கூடுதல், மீசோதெலியோமாவில் மிகக் குறைவு. இரண்டாவது மாதிரி சிறிது சேர்க்கும், மூன்றாவது ஏறக்குறைய வீண். அதற்கு மேல் தேவை உறையிலிருந்து சதை எடுப்பதே. தோராக்கோஸ்கோப்பி என்னும் உள்நோக்கியைச் செலுத்திப் பார்த்து எடுப்பதில் விடை கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நீரின் அணுக்களைக் கட்டியாக்கி மெழுகில் பதித்த 'செல் பிளாக்' தேவை என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுச் சோதனைகளும் மார்பகப் புற்றுநோயின் ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளும் அதிலிருந்துதான் வரும். சாயங்காலம் எடுத்த புட்டியை அனுப்ப முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம், வார்டு ஜன்னலோரம் வைக்கக் கூடாது.

இந்தியாவில் தனியாகச் சொல்ல வேண்டிய தவறு ஒன்று உண்டு. நெஞ்சில் நீர், லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் மிகுதி, புரதம் மிகுதி என்றவுடன் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடுவது. ஏ.டி.ஏ. என்னும் நொதியின் அளவு 40 அலகுக்கு மேல் இருந்தால் காசநோய்ப் பக்கம் சாயும் என்பது சரிதான். ஆனால் லிம்போமாவிலும் சீழ் கட்டினாலும் அது உயரும். ரத்தம் கலந்த நீர், எடுத்த சில நாளிலேயே நிறையும் நீர், நெஞ்சின் ஒரு பக்கத்தையே அடைத்த நீர் ஆகியவற்றில் அணுப் பரிசோதனை பார்க்காமல் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால், அந்த இரண்டு மாதம் புற்றுநோய்க்குக் கிடைத்த அவகாசம்.

நுரையீரல் விரிகிறதா?

நீரை எடுத்த பிறகு ஒரு எக்ஸ்ரே. இது குத்தும்போது காற்று புகுந்ததா என்று பார்க்க மட்டுமல்ல. நுரையீரல் மார்புச் சுவரைத் தொடுகிறதா என்று பார்க்க. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு அது முழுதாக விரிவதில்லை. மேலே தடித்த உறை இறுக்கியிருக்கும், அல்லது உள்ளே மூச்சுக்குழாயைக் கட்டி அடைத்திருக்கும். இப்படி விரியாத நுரையீரலைச் சுற்றி நீர் போன இடத்தில் காற்று தெரியும். ஊசி குத்திவிட்டது என்று பதறி ஐ.சி.டி. என்னும் நெஞ்சு வடிகுழாய் போட்டு, நாள்கணக்கில் உறிஞ்சு கருவியில் மாட்டி வைப்பது அடிக்கடி நடக்கும் வீண்வேலை. ஓட்டை விழுந்து வந்த காற்று அல்ல அது. நுரையீரல் நிரப்பாமல் விட்ட வெற்றிடம். நோயாளி சௌகரியமாக இருந்தால் அதைத் தொடாமலே விடலாம்.

இந்த ஒரு எக்ஸ்ரே அடுத்த பாதையைப் பிரிக்கிறது. இரண்டு உறைகளையும் ஒட்டவைக்கும் சிகிச்சை, அவை ஒன்றையொன்று தொட்டால்தான் பலிக்கும். விரியாத நுரையீரலில் ஒட்டவைக்கும் டால்க் பொடியைப் போடுவது, நடுவில் விரற்கடை இடைவெளி விட்டுப் பசை தடவுவது போல.

ஒட்டவைத்தல்

டால்க் என்பது முகப் பவுடரில் இருக்கும் அதே கனிமம்தான், கிருமி நீக்கியது. 1930-களில் கனடாவின் அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் இதைப் பயன்படுத்தினார். இது உறையில் ஒரு அழற்சியைக் கிளப்பி, நார்த்திசு வளரச் செய்து, இரண்டையும் ஒட்டுகிறது. அளவு 4 கிராம், 50 மி.லி. உப்புநீரில் கலக்கி, முன்னதாக லிக்னோகெய்ன் செலுத்திய பின் நெஞ்சில் வைத்த குழாய் வழியே ஊற்றுவார்கள். ஒரு மணி நேரம் குழாயை அடைத்துத் திறப்பார்கள். நோயாளியைப் பாய் சுருட்டுவது போல இப்படியும் அப்படியும் புரட்டும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தேவையில்லை, வலிக்கும், பலன் கூடாது.

டால்க் போட்டால் நுரையீரல் செயலிழக்கும் என்ற பயத்துக்கு அடிப்படை உண்டு. மிக நுண்ணிய துகள்கள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் அழற்சி உண்டாக்கின. பெரிய துகள்களாகச் சலித்த டால்க்கை 558 பேருக்குக் கொடுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில் ஒருவருக்குக் கூட அந்த விபரீதம் நேரவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "டால்க்கா?" என்பதல்ல, "சலித்த டால்க்கா?" என்பது.

ஓரிரு நாள் காய்ச்சலும் நெஞ்சு வலியும் எதிர்பார்க்க வேண்டியவை. அழற்சிதானே ஒட்டவைக்கிறது, இபுபுரூஃபன் கொடுத்தால் அதைக் கெடுத்துவிடுமே என்று வலிமருந்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். 320 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த டைம்-1 ஆய்வு 2015-இல் அந்தக் கவலையைத் தீர்த்தது: இபுபுரூஃபன் கொடுத்தவர்களிடம் தோல்வி கூடவில்லை. அதே ஆய்வில் 12 பிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) மெல்லிய குழாய் வலியைச் சிறிது குறைத்தது. ஆனால் ஒட்டாமல் போனது 30 சதவீதம், 24 பிரெஞ்ச் தடிக்குழாயில் 24 சதவீதம். அறுவை அரங்கில் உள்நோக்கி வழியே டால்க்கைத் தூவினால் குழாய் வழியே ஊற்றுவதைவிடச் சிறக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 330 பேர் பங்கேற்ற டாப்ஸ் ஆய்வு 2020-இல் சொன்ன கணக்கு: 90 நாளில் தோல்வி தூவியதில் 22 சதவீதம், ஊற்றியதில் 24 சதவீதம். வேறுபாடு இல்லையென்றே கொள்ளலாம். நோயறிதலுக்காக எப்படியும் உள்நோக்கி போகிறது என்றால் அதோடு தூவிவிட்டு வரலாம். தூவுவதற்கென்றே போக வேண்டியதில்லை.

பெரும்பாலான தோல்விகளுக்கு டால்க் காரணமல்ல. நுரையீரல் விரிந்ததை எக்ஸ்ரேயில் உறுதி செய்யாமல் போட்டது, குழாய் மடங்கியதோ அடைத்ததோ கவனிக்காமல் விட்டது, நீர் வலைபின்னியதுபோல அறை அறையாகப் பிரிந்திருந்தது: இவைதான் வழக்கமான காரணங்கள். ஒரு நாள் வடிவது 150 மி.லி.க்குக் கீழே இறங்கட்டும் என்று நான்கைந்து நாள் காத்திருப்பதும் தேவையற்றது. நுரையீரல் விரிந்துவிட்டால் அன்றைக்கே போடலாம்.

டால்க் கிடைக்காத, விலை கட்டாத இடங்களில் போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினி கைகொடுக்கிறது. 10 சதவீதக் கரைசல் 20 மி.லி.யை 80 மி.லி. உப்புநீரில் கலந்து செலுத்துவது வழக்கம். வலி அதிகம், முன்னதாகவே வலிமருந்து வேண்டும். மலிவு, எங்கும் கிடைக்கும். இந்திய மருத்துவமனைகளில் இதன் பயன்பாட்டுக்கு அதுவே காரணம்.

வீட்டோடு போகும் குழாய்

சிகிச்சையை உண்மையில் மாற்றியது இதுதான். ஐ.பி.சி. என்று சொல்லும் நிலைக்குழாய், 15.5 பிரெஞ்ச் தடிமனுள்ள மெத்தென்ற சிலிகோன். ஒரு முனை நெஞ்சுக்குள். தோலுக்கடியில் 5 முதல் 8 செ.மீ. சுரங்கம்போல ஓடி வேறிடத்தில் வெளியே வரும். சுரங்கத்துக்குள் ஒரு பாலியெஸ்டர் பட்டை. சில வாரங்களில் திசு அதைப் பற்றிக்கொண்டு குழாயையும் நிறுத்தும், கிருமி ஏறும் வழியையும் மறிக்கும். வெளிமுனையில் ஒருவழி வால்வு, புட்டியைச் செருகினால்தான் திறக்கும். அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது.

டால்க்கையும் நிலைக்குழாயையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த முக்கிய ஆய்வுகள் இரண்டு. பிரிட்டனின் டைம்-2 (2012, 106 பேர்): ஆறு வாரத்தில் மூச்சுத்திணறல் இரு தரப்பிலும் ஒரே அளவு குறைந்தது, திரும்பவும் குத்த வேண்டி வந்தது டால்க் தரப்பில் 22 சதவீதம், குழாய்த் தரப்பில் 6. ஆனால் பக்கவிளைவுகள் குழாய்த் தரப்பில் 40 சதவீதம், டால்க்கில் 13. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், ஹாங்காங்கில் 146 பேரை வைத்து நடந்த ஆம்பிள் ஆய்வு (2017) மீதி ஆயுளில் மருத்துவமனையில் கழித்த நாட்களை எண்ணியது. நடுமதிப்பு குழாய்க்கு 10 நாள், டால்க்குக்கு 12. இரண்டு நாள்தானே என்று தோன்றும். எஞ்சியிருப்பது சில மாதங்களே என்பவருக்கு அது சின்னக் கணக்கல்ல. ஒருமுறை மருத்துவமனையில் கிடந்து முடித்துக்கொள்ள விரும்புபவர் டால்க்கையும், விலாவில் குழாயோடு வீட்டில் இருக்கச் சம்மதிப்பவர் ஐ.பி.சி.யையும் எடுத்துக்கொள்ளலாம், இன்றைய பிரிட்டன், அமெரிக்க வழிகாட்டிகளும் நுரையீரல் விரியும் நோயாளிக்கு இரண்டையும் சமமாகவே வைக்கின்றன. விரியாத நுரையீரலுக்குக் குழாய்தான்.

தினமும் வடிக்க வேண்டுமா, முட்டும்போது வடித்தால் போதுமா? இரண்டும் மூச்சை ஒரே அளவு ஆற்றும். தினமும் வடித்தால் உறைகள் தாமாகவே ஒட்டிக்கொள்வது கூடும்: ஆம்பிள்-2 ஆய்வில் 60 நாளில் 37 சதவீதம், முட்டும்போது வடித்தவர்களில் 11. குழாயைச் சீக்கிரம் கழற்றிவிட ஆசைப்படுபவருக்குத் தினமும். கொஞ்ச நாளே இருக்கும், தொந்தரவு வேண்டாம் என்பவருக்குத் தேவைப்படும்போது. இரண்டு வழிகளையும் இணைத்ததும் பலித்திருக்கிறது: குழாய் வழியாகவே புறநோயாளியாக டால்க் செலுத்திய ஐ.பி.சி.-பிளஸ் ஆய்வில் (2018, 154 பேர்) 35-ஆம் நாளில் ஒட்டியது 43 சதவீதம், டால்க் இல்லாமல் 23.

வீட்டில் வடிப்பது ஒரு மணி நேரப் பயிற்சியில் வரும் வேலை. சோப்பு போட்டுக் கை கழுவி, கிருமி நீக்கிய கையுறை மாட்டி, வால்வை ஸ்பிரிட்டால் துடைத்து, வெற்றிடப் புட்டியின் முனையைச் செருகிக் கிளிப்பை மெல்லத் திறக்க வேண்டும். மெல்ல என்பதுதான் உயிர்நாடி. ஒரேயடியாகத் திறந்தால் நெஞ்சு இழுத்துப் பிடிக்கும். வலித்தால் கிளிப்பை மூடிச் சில நிமிடம் கழித்துத் தொடரலாம். ஒருமுறைக்கு ஒரு லிட்டரோடு நிறுத்துவது பாதுகாப்பு. தேதி, அளவு, நிறம் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். சிக்கல் பெரும்பாலும் புட்டியின் விலையில்தான் வருகிறது, ஒவ்வொன்றும் ஒருமுறைக்கே. கட்டுப்படியாகாதபோது உரிய இணைப்போடு மூடிய பையைத் தாழ வைத்து வடிப்பதுண்டு. மெதுவாக வடியும், கிருமி சேராமல் பார்ப்பதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

என்ன கெடும்? ஆயிரத்துச் சொச்சம் பேரின் கணக்கில் நெஞ்சுக்குள் கிருமித்தொற்று 5 சதவீதத்துக்குள் இருந்தது. பெரும்பாலும் குழாயைப் பிடுங்காமலே ஆன்டிபயாட்டிக்கில் அடங்கும். காய்ச்சல், கலங்கிய நீர், சுரங்கத்தின் மேல் சிவந்த தோல் ஆகியவை அன்றே போக வேண்டிய அறிகுறிகள். வடிவது சட்டென நின்று மூச்சு மட்டும் முட்டினால் இரண்டே வழி: குழாய் அடைத்திருக்கிறது, அல்லது நீர் அறை அறையாகியிருக்கிறது. அடைப்பை உப்புநீர் பாய்ச்சி எடுத்துவிடலாம். அறைகளுக்கு நார்க்கரைப்பி மருந்து செலுத்துவதுண்டு. ஆனால் யூரோகைனேஸ் என்னும் அத்தகைய மருந்தைக் கொடுத்துப் பார்த்த டைம்-3 ஆய்வில் (2018) மூச்சும் மேம்படவில்லை, ஒட்டவைத்தலும் மேம்படவில்லை. எல்லா அறைக்கும் மருந்து என்று பழகிவிடாமல், தேர்ந்தெடுத்தவர்களுக்கே கொடுக்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து 50 மி.லி.க்குக் கீழே வடிந்து, தொந்தரவும் இல்லாமல், ஸ்கேனிலும் நீர் இல்லை என்றால் குழாயைக் கழற்றலாம். ஸ்கேன் பார்க்காமல் கழற்றினால், அடைத்த குழாயை ஒட்டிய நெஞ்சு என்று நம்பி ஏமாறுவீர்கள்.

யாருக்கு மறு ஊசியே போதும்?

எஞ்சிய காலம் சில வாரங்களே என்றால் குழாயும் வேண்டாம், டால்க்கும் வேண்டாம். முட்டும்போது ஊசி போட்டு எடுப்பதே கருணை. இதைக் கணிக்க லென்ட் என்றொரு மதிப்பெண் இருக்கிறது: நீரில் எல்.டி.ஹெச். என்னும் நொதியின் அளவு, நோயாளி நடமாடும் நிலை, இரத்தத்தில் நியூட்ரோபில்–லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களின் விகிதம், புற்றுநோயின் வகை. 2014-இல் வெளியான கணக்கில் குறைந்த ஆபத்துப் பிரிவினரின் நடுமதிப்பு ஆயுள் 319 நாள், நடுப்பிரிவு 130, உயர்ந்த ஆபத்து 44. புற்றணுவில் உள்ள குறிப்பிட்ட மாற்றத்தைக் குறிவைக்கும் புதிய இலக்கு மருந்துகள் பரவும் முன் திரட்டிய கணக்கு என்பதை நினைவில் வைத்தே பார்க்க வேண்டும்.

இலக்கு மருந்துகள் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவந்தன. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமுள்ள நுரையீரல் புற்றுநோய், லிம்போமா ஆகியவற்றில் மருந்துக்கு நீர் தானாகவே வற்றுவதுண்டு. "மருந்து கேட்கும், பொறுங்கள்" என்று ஒருமுறை எடுத்துவிட்டுக் காத்திருப்பது அங்கே நியாயம். ஆனால் நீர் இரண்டாம் முறை நிறைந்தும் மூன்றாம் ஊசி, நான்காம் ஊசி என்று தள்ளுவது நியாயமில்லை. ஒவ்வொரு குத்தும் சிறிது இரத்தமும் அழற்சியும் விட்டுச்செல்லும். நீர் அறை அறையாகும். இறுதியில் குழாய் வைக்க வரும்போது வடிக்க ஒரே குளமாக எதுவும் இராது. கீமோதெரபி நடக்கும்போதே நிலைக்குழாய் வைக்கலாம்.

கடைசியாக, முதல் ஊசியின் இரண்டாம் கேள்வி. ஒன்றரை லிட்டர் எடுத்தும் மூச்சு ஆறவில்லை என்றால் அதே இடத்தில் குழாய் வைத்துப் பயனில்லை. காரணம் வேறெங்கோ இருக்கிறது: தமனியில் இரத்தக்கட்டி, நுரையீரலின் நிணநீர் நாளங்களில் பரவிய புற்று, இதயத்தைச் சுற்றிய நீர், கடும் இரத்தசோகை. இரத்தக்கட்டிக்கும் இரத்தசோகைக்கும் தனி மருந்து உண்டு, இதயநீரை வடிக்கலாம். எதுவும் மிச்சமில்லாதபோது குறைந்த அளவு மார்ஃபினும், முகத்துக்கு நேரே மெல்ல ஓடும் ஒரு மேசை மின்விசிறியும் மூச்சுத்திணறும் உணர்வைக் குறைக்கும். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் குடும்பத்தார் மறுப்பது வழக்கம். திணறலுக்குக் கொடுக்கும் அளவு வலிக்குக் கொடுப்பதிலும் குறைவு என்பதை மருந்துச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும்.